ஆண்டுக்கு ஓர் இலை

ஆண்டு முழுவதற்கும் ஒரே ஓர் இலை. சில ஆண்டுகளில் அதுவும் கிடையாது. இத்தனை சிக்கனமாகப் பல ஆண்டுகள் உயிர் வாழும் பெரணி ஒன்று உண்டு. தாவரவியலில் அதன் பெயர் பாட்ரிகியம் லுனேரியா. ஆங்கிலம் பேசுவோர் மூன்வொர்ட் என்பார்கள். தமிழில் அதற்கு வழக்குப் பெயர் இல்லாததால் இங்கே நிலாப்பெரணி என்று வைத்துக்கொள்வோம். ஐஸ்லாந்தின் புல்வெளி, ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடு, ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலம், நம் இமயமலையின் உயரச் சரிவு என்று வடகோளத்தின் குளிர்ந்த பகுதிகள் பலவற்றில் வளர்கிறது. உயரம் பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாது. புல் கொஞ்சம் செழித்துவிட்டால் காலடியில் இருந்தும் கண்ணில் படாது.

பார்த்தவுடன் இன்ன செடி என்று சொல்வது முதலில் எளிதாகவே தோன்றும். மண்ணிலிருந்து ஒற்றைக் காம்பு நேராக எழும். பாதி உயரத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பிரிவு தட்டையான பச்சைப் பகுதி. அதில் இரு பக்கமும் சில ஜோடி மடல்கள், ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் ஏறியபடி. ஒவ்வொரு மடலும் விசிறி வடிவம். வெளி விளிம்பு பிறைபோல் வளைந்திருக்கும். மடலுக்கு நடுநரம்பு இல்லை, அடியிலிருந்து நரம்புகள் கிளைத்து விரிந்துகொண்டே போகும். மற்றொரு பிரிவு மேலே நிமிர்ந்து நிற்கும் கதிர். அதில் உருண்டை உருண்டையாக ஸ்போர் பைகள், கொடியிலிருந்து பறிக்காத பச்சை மிளகுச் சரம்போல. முற்றியதும் மஞ்சள் கலந்த பழுப்பாகி, குறுக்கே பிளந்து, மாவுபோன்ற ஸ்போர்களைக் காற்றில் விடும்.

தட்டைப் பகுதி, கதிர் இரண்டும் சேர்ந்ததுதான் ஓர் இலை. தண்டு என்று நாம் நினைப்பது இலைக்காம்பு. உண்மையான தண்டு மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு விரல்நுனி அளவில் நிமிர்ந்து நிற்கிறது.

வீட்டுத் தொட்டியிலோ கிணற்றுச் சுவரிலோ பெரணி பார்த்துப் பழகியவருக்கு இது பெரணி என்றே தோன்றாது. வழக்கமான பெரணியின் இளம் இலை சுருண்டு பிறந்து மெல்ல அவிழும். இதன் இலை சுருளாமல் நிமிர்ந்தே வருகிறது. வழக்கமான பெரணி ஸ்போர்களை இலையின் அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வைத்திருக்கும். இது அவற்றுக்கென்று தனிக் கதிரே தூக்குகிறது. வழக்கமான பெரணியின் ஸ்போர் பை ஒரே செல் அடுக்கால் ஆன மெல்லிய உறை, உள்ளே பெரும்பாலும் 64 ஸ்போர்கள். இதன் பையோ தடித்த சுவர் கொண்டது, உள்ளே ஸ்போர்கள் ஆயிரக்கணக்கில். 1753-இல் லின்னேயஸ் இதை ஆஸ்முண்டா என்ற வேறொரு பெரணிப் பேரினத்தில்தான் சேர்த்தார். பாட்ரிகியம் என்ற தனிப் பேரினத்துக்கு அது மாறியது பிற்பாடு.

இவ்வளவு சிறிய செடிக்கு ஐரோப்பியர் ஏற்றிய பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பாதரசத்தை வெள்ளியாக்கும் என்று ரசவாதிகள் தேடினார்கள். பூட்டின் துளையில் வைத்தால் பூட்டு திறக்கும் என்றார்கள். இதன்மேல் நடக்கும் குதிரையின் லாடம் கழன்றுவிடும் என்பதும் நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டின் மூலிகை ஆசிரியர் நிக்கலஸ் கல்பெப்பர் இந்தக் கதைகளை எழுதிவைத்ததோடு, டெவன்ஷயரில் டிவர்ட்டன் ஊருக்கருகே எசெக்ஸ் பிரபுவின் குதிரைப்படை நின்ற மேட்டில் 30 லாடங்கள் கழன்று கிடந்ததையும் சான்றாகச் சேர்த்துக்கொண்டார். மடல் பிறைபோல் இருக்கிறது, லாடமும் பிறைபோல் இருக்கிறது. அதற்குமேல் அந்தக் காலத்துக்குக் காரணம் தேவைப்படவில்லை. மண்ணுக்கடியில் உண்மையாகவே நடப்பதை யாராவது கல்பெப்பரிடம் சொல்லியிருந்தால் அதைத்தான் அவர் நம்பியிருக்கமாட்டார்.

காற்றில் போன ஸ்போர் மண்மேல் விழுகிறது. பெரும்பாலான பெரணிகளின் ஸ்போருக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். நிலாப்பெரணிக்கோ இருட்டு வேண்டும். மழைநீரோடு மண் துகள்களின் இடுக்கில் இறங்கி, வெளிச்சம் எட்டாத ஆழத்தில்தான் அது முளைவிடும். முளைத்ததும் பெரிதாக வளர்ந்துவிடுவதில்லை. ஒருசில செல்கள் உண்டானதும் நின்று காத்திருக்கிறது. காத்திருப்பது ஒரு பூஞ்சைக்காக. அந்தப் பூஞ்சை இழை வந்து உள்ளே நுழைந்தால் வாழ்வு. வராவிட்டால் அத்தோடு முடிந்தது.

அந்தப் பூஞ்சை நமக்கு அந்நியமானதல்ல. உயிர் உரம் என்று நம் விவசாயிகள் நாற்றங்காலில் இடும் ‘வேம்’, அதாவது வேர் உட்பூசணம், இதே கூட்டத்தைச் சேர்ந்தது. பயிர்களின் வேருக்குள் புகுந்து, மண்ணிலிருந்து பாஸ்பரஸ் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். நிலத்தாவரங்களில் பெரும்பாலானவை இந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்குள்ளவை. நிலாப்பெரணியின் இளம்பருவம் மட்டும் வாங்குவதோடு சரி. அதனிடம் பச்சையம் இல்லை, கொடுக்கச் சர்க்கரையும் இல்லை. பூஞ்சை அக்கம்பக்கத்துச் செடிகளிடமிருந்து பெற்றதை இது பூஞ்சையிடமிருந்து பெற்று வளர்கிறது. ஒரு பெரணி, அதன் வாழ்வின் முதல் அத்தியாயத்தில், ஒரு காளான் வாழ்வதைப்போலவே இருட்டில் பிறர் உழைப்பில் வாழ்கிறது.

பெரணிகளின் வாழ்வு இரண்டு தலைமுறைகளாகப் பிரிந்தது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஸ்போரிலிருந்து வருவது கேமீட்டகத் தாவரம்; அதில் விந்தும் முட்டையும் உண்டாகி இணைந்த பிறகே நமக்குத் தெரிந்த பெரணி வரும். பாடப்புத்தகத்தில் கேமீட்டகத் தாவரம் என்று இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்றை வரைந்திருப்பார்கள். நிலாப்பெரணியின் கேமீட்டகத் தாவரம் சில மில்லிமீட்டர் அளவிலான வெளிறிய கட்டி. மண்ணைப் புட்டுப் பார்த்தாலும் சிறு வேர்த்துண்டு என்று தூக்கிப்போடத் தோன்றும். விந்தும் முட்டையும் ஒரே கட்டியில் உண்டாகின்றன. மண்ணுக்குள் விந்து நீந்திப் போகக்கூடிய தூரம் மிகக் குறைவு என்பதால், பெரும்பாலும் தன் முட்டையைத் தானே கருவுறச் செய்கிறது. ஒரே ஸ்போரிலிருந்து வந்த விந்தும் முட்டையும் மரபணுவில் அச்சு மாறாதவை. எனவே பிறக்கும் செடியின் இரு மரபுத்தொகுதிகளும் ஒன்றேபோல் இருக்கும். வாழையில் பக்கக்கன்று நட்டும் மாவில் ஒட்டுக்கட்டியும்தான் நாம் இப்படி ஒரே குணத்தைத் தக்கவைக்கிறோம். இதுவோ விந்தும் முட்டையும் இணையும் இனப்பெருக்கத்தின் வழியாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது.

அப்படிப் பிறந்த செடியும் உடனே வெளியே வருவதில்லை. பூஞ்சை புகுந்த தடித்த வேர்கள் முதலில் உண்டாகின்றன. அந்த வேர்களில் வேர்த்தூவிகள்கூட இல்லை, அந்த வேலையையும் பூஞ்சையே பார்த்துக்கொள்கிறது. இலை மேலே வரப் பல ஆண்டுகள் ஆகும். மண்ணுக்கடியில் உள்ள மொட்டை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், இந்த ஆண்டு இலையின் அடியுறைக்குள் அடுத்த ஆண்டு இலை, அதற்குள் அதற்கடுத்த ஆண்டு இலை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கும். இந்த ஜூனில் நாம் பார்க்கும் இலையை அந்தச் செடி சில ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துவிட்டது.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனிஃபர் வின்தரும் வில்லியம் ஃபிரீட்மனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதைக்கு இன்னொரு முகம் காட்டுகிறது. பாட்ரிகியத்தின் நிலத்தடிக் கேமீட்டகத் தாவரங்களிலும், இலைவிட்ட முதிர்ந்த செடிகளிலும் உள்ள பூஞ்சைகளை மரபணு வழியே ஒப்பிட்டபோது, இரண்டிலும் ஒரே வகைப் பூஞ்சைகள் இருந்தன. அப்படியானால் முதிர்ந்த செடி இலையில் தயாரித்த சர்க்கரை, பூஞ்சை வழியே இருட்டில் இருக்கும் இளந்தலைமுறைக்குப் போய்ச் சேரலாம். பிள்ளையை நேரில் பார்க்காமலே ஊட்டி வளர்க்கும் ஏற்பாடு. இது உறுதியாக நிறுவப்பட்டதல்ல, சாத்தியம் மட்டுமே. ஆனால் வலுவான சாத்தியம்.

இங்கே ஓர் இயல்பான கேள்வி எழும். இத்தனை வேலையும் பூஞ்சை செய்தால் இலை எதற்கு? ஆய்வாளர்கள் சிண்டி ஜான்சன்-குரோவும் டொனால்ட் ஃபேராரும் இலைகளை அகற்றிவிட்டு, அடுத்த ஆண்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஆண்டு இலை வந்தது. கீரைப்பாத்தியிலோ நெல்வயலிலோ இலையைத் தின்னும் பூச்சியோடு போராடுகிறவருக்கு இது நம்பமுடியாத செய்தி. ஸ்போர்களைக் காற்றில் விடுவதற்காக இலை மேலே வருகிறது, உணவு தயாரிப்பது கூடுதல் வரவு என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகவே இலையை வைத்து இந்தச் செடியை எண்ணுவது ஆபத்தான கணக்கு. கனடாவின் வாட்டர்டன் லேக்ஸ் தேசியப் பூங்காவில் பீட்டர் லெசிகாவும் கேத்லீன் ஆலன்ஸ்லேகரும் மூன்று பாட்ரிகியம் இனங்களின் செடிகளைத் தனித்தனியே குறித்துவைத்து ஆண்டுதோறும் கவனித்தார்கள். ஒரு கோடையில் இருந்த செடி மறு கோடையில் இல்லை. செத்துவிட்டது என்று எழுதினால், அதற்கடுத்த கோடையில் அதே இடத்தில் வந்து நிற்கும். ஓர் ஆண்டு கணக்கெடுத்து இங்கே பத்துச் செடி என்று எழுதினால், அது அந்த ஆண்டு இலைவிட்ட செடிகளின் எண்ணிக்கை மட்டுமே. மண்ணுக்கடியில் எத்தனை என்று அறிய, மண் மாதிரிகளை அடர்த்தியான கரைசலில் கலந்து வேகமாகச் சுழற்றி, கேமீட்டகத் தாவரங்களையும் இளஞ்செடிகளையும் மிதக்கவைத்துப் பிரிக்கும் முறையை ஃபேராரின் ஆய்வுக்குழு 1980களில் உருவாக்கியது. அதற்கும் மண்ணைத் தோண்டத்தான் வேண்டும். தோண்டினால் செடி போய்விடும்.

அடையாளம் காண்பது எளிது என்று ஆரம்பத்தில் சொன்னது ஓர் இனத்துக்கு மட்டும் பொருந்தும். வட அமெரிக்காவுக்குப் போனால் கதை மாறிவிடும். ராபர்ட் கிளாசன் 1938-இல் இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிய பெருநூலில் நிலாப்பெரணி வகைகளாக விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களே உண்டு. இன்று அந்தக் கண்டத்தில் மட்டும் 30-க்கும் மேல். புதிய செடிகள் திடீரென்று முளைத்துவிடவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வாரன் ஹெர்ப் வாக்னரும் அவர் மனைவி ஃபுளோரன்ஸ் வாக்னரும் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள், அவ்வளவுதான். ஒரே புல்திட்டில் நான்கைந்து வகைகள் கலந்து நிற்பதையும், ஒவ்வொன்றும் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதையும் அவர்கள் கண்டார்கள்.

மிங்கன் நிலாப்பெரணியை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் உள்ள மிங்கன் தீவுகளின் பெயரால் கியூபெக் தாவரவியலாளர் மரி-விக்டோரின் 1927-இல் இதை விவரித்தார். கிளாசன் ஒப்புக்கொள்ளவில்லை, லுனேரியாவின் ஒரு திரிபு என்று ஒதுக்கினார். 1956-இல் வாக்னர், மிச்சிகனில் இரண்டும் வளரும் இடத்தில் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தபோது வழக்கு தீர்ந்தது. லுனேரியாவின் ஸ்போரில் 45, மிங்கன் வகையின் ஸ்போரில் 90. வெவ்வேறு இனங்கள் எப்போதோ கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து, புதிய இனம் நிலைபெற்றிருக்கிறது. தன்னைத்தானே கருவுறும் செடியில் கலப்பு அரிது. ஆனால் ஒருமுறை நடந்து இரட்டித்துவிட்டால், அந்தக் கலவை மீண்டும் பிரியாமல் தலைமுறை தலைமுறையாக அப்படியே போகும். இந்தக் குடும்பத்தில் இப்படித் தோன்றிய இனங்கள் கணிசம்.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க வழி உண்டு. லுனேரியா வகையின் கீழ்மடல் ஏறத்தாழ அரைவட்டமாக விரிந்து பக்கத்து மடலைத் தொடும். மிங்கன் வகையில் மடல் ஒடுங்கி, மடலுக்கு மடல் இடைவெளி விட்டு, சற்றே மேல்நோக்கி நிற்கும். ஒற்றை இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நிழலில் வளர்ந்ததும் வெயிலில் வளர்ந்ததும், இளையதும் முதியதும் வேறு வேறாகத் தெரியும். ஒரு திட்டில் உள்ள பல இலைகளைப் பக்கம் பக்கமாக வைத்து வெளிக்கோட்டை ஒப்பிடுவதே முறை. அதனால்தான் இந்தத் துறையின் கட்டுரைகளில் இலைகளின் கறுப்பு நிழலுருவங்கள் வரிசை வரிசையாக அச்சாகியிருக்கும். அப்படியும் தீராத இடங்களில் ஃபேரார் நொதிகளை மின்புலத்தில் பிரித்துப் பார்த்து இனங்களை வகுத்தார். தேடுகிறவர்களுக்குள் ஒரு கைமுறைக் குறிப்பும் உண்டு: காட்டு ஸ்ட்ராபெரி படர்ந்த இடத்தை முதலில் பாருங்கள். தீண்டப்படாத காடுதான் வேண்டும் என்பதில்லை. கைவிட்ட பாதையோரம், பனிச்சறுக்குச் சரிவு, பழைய சுரங்க மேடு என்று மனிதர் ஒருகாலத்தில் கிளறிவிட்டுப் போன இடங்களிலும் பூஞ்சை வலை திரும்பியதும் இவை வந்துவிடுகின்றன.

எல்லா இடத்திலும் இந்த நெகிழ்ச்சி இல்லை. மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் மேப்பிள் காடுகளில் பாட்ரிகியம் மார்மோ என்ற குட்டி வகை இருக்கிறது. 1981-இல் வாக்னர் பெயரிட்டது. சில சென்டிமீட்டர் உயரம், சதைப்பற்றான வெளிர் மஞ்சள்பச்சை. இலைச்சருகுக்கு மேலே தலைகாட்டாமலே ஆண்டை முடித்துக்கொள்வதும் உண்டு. அதன் முழு வாழ்வும் சருகும் மக்கும் சேர்ந்த மேலடுக்கில்தான். அந்த அடுக்கைத் தின்று தீர்ப்பது மண்புழு.

உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்த நமக்கு மண்புழு வில்லனாக வருவது உறுத்தும். ஆனால் அந்தக் காடுகள் இருப்பது பனியுகத்தில் பனிப்பாளம் மூடியிருந்த நிலத்தில். பனி விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே மண்புழுவே இல்லை. சருகு மெல்ல மக்கித் தடித்த மெத்தையாகச் சேர்ந்தது. காடு அதற்கேற்ப அமைந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் மண்ணோடு செடிகள் கொண்டுவந்தபோது புழுக்களும் வந்தன. இப்போது தூண்டில் போடுகிறவர்கள் மிச்சமான புழுக்களை ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போக, அங்கிருந்து காட்டுக்குள் பரவுகின்றன. மைக்கேல் கண்டேல் மின்னசோட்டாவின் சிப்பேவா தேசியக் காட்டில் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரைப்படி, லம்ப்ரிகஸ் ரூபெல்லஸ் என்ற புழு வந்த இடங்களில் மக்கு அடுக்கு மெலிந்திருந்தது. மார்மோ முன்பு பதிவாகியிருந்து இப்போது காணாமல் போன இடங்களோடு அது பொருந்தியது. வயலில் வரமாக இருப்பது இன்னொரு மண்ணில் அழிவாக இருக்கிறது. புழுவைக் குறை சொல்லிப் பயனில்லை. அதைச் சுமந்து போனவர்கள் மனிதர்கள்.

நமக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு இமயத்தோடு நின்றுவிடவில்லை. மழைக்காலத்தில் தென்னிந்தியப் புல்வெளிகளில் முளைக்கும் ஓபியோகிளாசம், அதாவது பாம்புநாக்குப் பெரணி, நிலாப்பெரணியின் நெருங்கிய சொந்தம். ஒரு முழு இலை, அதிலிருந்து நீண்ட ஒரு கதிர், அதே இலக்கணம்தான். திருவனந்தபுரத்தில் ஏ. ஆபிரகாமும் சி. ஏ. நைனானும் ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் இனத்தின் குரோமோசோம்களை எண்ணி 1954-இல் அறிவித்த எண் உலகத் தாவரவியலாளரைத் திகைக்க வைத்தது: 1,260. மனித செல்லில் 46. கணினிப் படிமம் இல்லாத காலத்தில் நுண்ணோக்கியின் கீழே ஒரு செல்லுக்குள் நெருக்கியடித்துக் கிடந்த அத்தனையையும் பிரித்து எண்ணிய அந்தப் பொறுமையைப் பற்றி ஏன் நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்வதில்லை என்று தெரியவில்லை. ஆபிரகாம் பின்னாளில் பாலோடு வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தை நிறுவினார்.

இன்னொரு உறவு சந்தனம் வழியாக. வட அமெரிக்காவில் ராட்டில்ஸ்னேக் பெரணி என்று அழைக்கப்படும் பாட்ரிகியம் வர்ஜீனியானத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு மரபணுத் துண்டு பெரணியுடையதே அல்ல என்று சார்லஸ் டேவிஸ், வில்லியம் ஆண்டர்சன், கென்னத் வர்டாக் மூவரும் 2005-இல் கண்டறிந்தார்கள். அது பூக்கும் தாவரம் ஒன்றுடையது. சந்தன மரம் சேர்ந்திருக்கும் அதே வரிசையைச் சேர்ந்த வேர் ஒட்டுண்ணி ஒன்றிடமிருந்து வந்தது. சந்தனம் பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டு உறிஞ்சி வளர்வது தெரிந்ததே. அப்படிப்பட்ட ஒரு செடியின் வேர், பழங்காலத்தில் எங்கோ ஒரு பெரணியின் வேரோடு உரசியபோது மரபணு கைமாறியிருக்க வேண்டும். மண்ணுக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு அண்டை வீட்டாரும் மண்ணுக்குள்தான்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் லுனேரியா இல்லை. ஆனால் நீலகிரி, பழனி மலைகளின் சோலைகளிலும் இலங்கையின் மலைக்காடுகளிலும் இதே குடும்பத்தின் பெரிய உருவங்கள் இரண்டு உண்டு. பழைய நூல்களில் பாட்ரிகியம் டாசிஃபோலியம், பாட்ரிகியம் லனுஜினோசம் என்று இருக்கும்; இப்போது சிலர் வேறு பேரினங்களில் வைக்கிறார்கள். இலை முழங்கால் உயரத்துக்கும் வரலாம், பலமுறை பிளந்திருக்கும், பிறை மடல் இராது. தூரத்திலிருந்து சாதாரணப் பெரணி என்று கடந்துவிடலாம்; நடுவே நிமிர்ந்த ஸ்போர் கதிர் தெரிந்தால் நின்று பார்க்க வேண்டும். கதிர் பச்சைப் பகுதி தொடங்குவதற்குக் கீழே, காம்பிலிருந்து கிளைத்தால் டாசிஃபோலியம். பச்சைப் பகுதி தொடங்கிய பிறகு அதன் நடுக்காம்பிலிருந்து கிளைத்து, இளம்பாகங்களில் மெல்லிய மயிரும் இருந்தால் லனுஜினோசம். இலையைக் கிள்ளாமல், பக்கவாட்டிலிருந்து அந்தக் கிளைக்கும் இடம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்தாலே போதும். எந்த வகை என்று அதிலிருந்து சொல்லிவிடலாம்.